அரசிகளை வரைந்த புரூஜ் அன்ரி

1

நான் பிரிட்டிஷ் குடிமகளாகி இந்த வாரத்தோடு ஒரு வருடம் முடிகிறது. மலேசியாவில் தைப்பிங்கிலிருந்து பேசிய தங்கை, வெள்ளைக்காரி ஆனதற்குக் கேக் வெட்டவில்லையா என்று கேலி செய்தாள். வெட்டவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருடம் எடுக்காத குடியுரிமையை ஐம்பது வயதை நெருங்கும்போது ஏன் எடுத்தேன் என்று ஊரில் பலரும் அவளிடம் கேட்கிறார்களாம். பென்ஷனுக்காக என்று சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். உண்மையில் அதில் ஒரு பங்கு, நானூற்று ஐம்பது வருடங்களுக்கு முன் லண்டனுக்கு வந்த ஓர் ஓவியருக்கு உண்டு. தங்கையிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அதனால் எழுதியே விடுகிறேன்.

நான் மருந்தாளராகப் படிக்க லண்டனுக்கு வந்தவள். கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இன்றுவரை வேலை. கணவர் சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக வந்து சேர்ந்தவர். அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வீடு பிளேஸ்டோவில். எங்களுக்கு ஒரே மகள், ஆரணி.

எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் உண்டு. கல்யாணமான புதிதில் என் மாமியார் தொலைபேசியில் அழைத்தபோது, "அவர் கடையில யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருக்காரு" என்றேன். அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. மகன் வாடிக்கையாளரோடு சண்டை பிடிக்கிறான் என்று அந்த அம்மா பயந்துபோனார். ஆரணி தகப்பனின் தமிழைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, இப்போது உறவுமுறைகளும் சாப்பாட்டுப் பெயர்களும் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். மனம் இளகும்போது மட்டும் தமிழ் வரும்.

அவளும் என்னைப் போல மருந்து படிப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் ஓவிய வரலாறு எடுத்தாள். மூன்றாம் வருட ஆய்வுக்கு அவள் தேர்ந்தெடுத்தவர்தான் இந்த ஓவியர்.

2

அவர் பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரத்துப் பெண். அவருடைய குடும்பப் பெயரைப் பழைய பதிவுகளில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்களாம். அவற்றில் ஒன்றுகூட எங்கள் வாயில் நுழையவில்லை. அவர் கடைசிக் காலத்தில் கிழக்கு லண்டனிலேயே, ஸ்டெப்னியில் வீடு கட்டி, அங்கேயே இறந்துபோனார் என்று ஆரணி சொன்னதும் சிவபாலன் தலையை நிமிர்த்தினார்.

"ஸ்டெப்னியிலோ? அப்ப எங்கட ஏரியா ஆள்தான்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் புரூஜ் அன்ரி. ஆன்ட்டியை இவர்கள் அன்ரி என்றுதான் சொல்வார்கள்.

அச்சுப் புத்தகம் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனாலும் பெரிய இடத்துக்காரர்கள் கையால் எழுதி, ஓரமெல்லாம் பூவும் பொன்னுமாக வரைந்த பிரார்த்தனைப் புத்தகங்களையே விரும்பினார்கள். கன்றுத் தோலைப் பதப்படுத்திய தாளில் அந்தப் படங்களை வரைவதில் புரூஜ் அன்ரியின் அப்பா பெயர் போனவர். அவருக்கு மகன்கள் இல்லை, மகள்கள் மட்டுமே. மூத்தவரான அன்ரிக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தார். அவர் கல்யாணம் முடித்து, கணவரோடு லண்டன் அரண்மனைக்கு ஓவியராக வந்தார். முதலில் ஓர் அரசர், அவருக்குப் பின் அவருடைய மகன், பிறகு ஒருவர் பின் ஒருவராக இரண்டு மகள்கள் என்று நான்கு பேரிடம் வேலை பார்த்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் நாட்டின் மதமும் மாறியது. வேண்டியவர்கள் வேண்டாதவர்கள் ஆனார்கள், சிலர் தலையே போனது. வெளியூர்க்காரியான இவர் மட்டும் வேலையில் நிலைத்திருந்தார். புத்தாண்டு தோறும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு படம் வரைந்து அரசிக்குக் கொடுப்பார். அரசி பதிலுக்குப் பொன் முலாம் பூசிய பாத்திரம் கொடுப்பார்.

எல்லாம் சரி, அவர் வரைந்த படம் எங்கே என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல் என்றாள் ஆரணி. அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இது அவருடையதாக இருக்கலாம், அது அவருடையதாக இருக்கலாம் என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். உறுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். நிறம் மங்காமல் இருக்க அந்த அறையில் வெளிச்சத்தைக் குறைத்திருந்தார்கள். அங்கே இருந்தது மகளுடைய படம் இல்லை, அப்பாவுடையது. சீட்டுக்கட்டு அட்டை அளவில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர். தன்னைத் தானே வரைந்திருக்கிறார். கையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறார். எழுபத்தைந்து வயதில் வரைந்தது என்று அதிலேயே லத்தீனில் எழுதியிருக்கிறது. மகள் லண்டனுக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்த சமயம் அது.

நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் கூசுவதுபோல் ஒரு பார்வை அவருக்கு. கண்ணாடியை இப்போதுதான் கழற்றினார், யாரோ கூப்பிட்டார்கள், யார் என்று நிமிர்ந்து பார்க்கிறார் என்று தோன்றியது.

"மகளுக்கு அனுப்பத்தான் வரைஞ்சிருப்பாரு" என்றேன்.

"அதுக்கு எவிடன்ஸ் இல்லம்மா" என்றாள் ஆரணி.

3

2006 ஈஸ்டர் விடுமுறையில் மூன்று பேரும் புரூஜுக்குப் போனோம். கடலுக்கு அடியில் போகும் ரயில் அப்போது வாட்டர்லூவிலிருந்து புறப்படும். பிரஸ்ஸல்ஸில் இறங்கி வேறு ரயில். சிவபாலன் கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். அவர் கடைக்கு லீவு போட்டு நான் பார்த்தது அதற்கு முன் இரண்டு தடவைதான்.

அந்த ஊரில் ஒரு பழைய பிரார்த்தனைப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்திருந்தார்கள். அன்ரியின் அப்பா காலத்தது. பக்கத்தின் நடுவே வயலில் வேலை செய்யும் ஆட்கள், நகக்கண் அளவு முகங்கள். ஓரத்தில் பொன்னிறத் தரையில் பூக்கள், ஒரு நத்தை, ஒரு ஈ. சிவபாலன் கையை விசிறி ஈயை ஓட்டினார். அது போகவில்லை. வரைந்த ஈ என்று புரிந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மெதுவாக நகர்ந்தார். ஆரணி சிரித்த சிரிப்பில் காவலாளி வந்துவிட்டார்.

பக்கத்திலேயே பழைய ஆஸ்பத்திரி ஒன்று. அதன் மருந்தறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக ஜாடிகள், மரப்பெட்டிகள், மருந்து அரைக்கும் கல்வம். என் ஆட்களின் இடம் என்று ஆசையோடு உள்ளே போனேன். அந்தக் காலத்தில் ஓவியர்கள் நிறம் வாங்கியது மருந்துக் கடையில்தான் என்று ஆரணி சொன்னபோது எனக்கு அன்ரி சட்டென்று நெருங்கிவிட்டார். அவர் வாங்கிய சரக்கெல்லாம் எனக்குத் தெரியும். சிவப்புக்குச் சாதிலிங்கம், அதில் பாதரசம். மஞ்சளுக்கு அரிதாரம், அதில் ஆர்செனிக். வெள்ளைக்கு ஈயம். இவற்றைக் கருவேலம் பிசினில் குழைத்து, சிப்பி ஓடுகளில் வைத்துக்கொண்டு, அணில் முடித் தூரிகையால் வரைவார்களாம். தும்மினால், பேசும்போது எச்சில் தெறித்தால்கூட வேலை கெட்டுவிடும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

"தூரிகை நுனியை உதட்டுல வச்சுக் கூராக்குவாங்களா?" என்று கேட்டேன்.

ஆக்கியிருப்பார்கள் என்றுதான் நினைப்பதாகச் சொன்னாள். அன்று முழுவதும் எனக்கு அந்தக் கவலைதான். ஆஸ்பத்திரியில் இளம் மருந்தாளர்கள் கையுறை போடாமல் மாத்திரையைத் தொட்டாலே எனக்குப் பிடிக்காது. இத்தனை விஷத்தை வைத்துக்கொண்டு வேலை செய்த ஒரு பெண்ணிடம், கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடம்மா என்று சொல்ல யார் இருந்தார்கள்?

கால்வாய் ஓரம் நடந்தபோது ஆரணி எங்களிடம் ஒன்று சொன்னாள். பட்டம் முடிந்ததும் பக்கத்திலுள்ள கெண்ட் நகரத்தில் மேலே படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டு வருடம். சிவபாலன் அவள் தோளில் கை போட்டுக்கொண்டார். ரயிலில் மூன்று மணி நேரம்தானே என்று நான் சொன்னேன். சொன்னதை நானே நம்ப முயன்றேன்.

4

லண்டன் ரயிலில் ஏறும் முன் பிரிட்டிஷ் அதிகாரிகள் பிரஸ்ஸல்ஸ் ஸ்டேஷனிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள். திரும்பும் வழியில் அங்கே இரண்டு வரிசைகள். ஐரோப்பிய பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. வழக்கம்போல் அவர்கள் இருவரும் அங்கே, நான் இங்கே. எனக்குப் பழகிப்போன விஷயம். அவர்கள் போய் அந்தப் பக்கம் எனக்காகக் காத்திருப்பார்கள்.

என் மலேசியப் பாஸ்போர்ட்டைச் சில வருடங்களுக்கு முன்தான் புதுப்பித்திருந்தேன். லண்டனில் காலவரம்பின்றி இருக்கலாம் என்ற முத்திரை பழைய பாஸ்போர்ட்டில் இருந்தது. இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டு ஒன்றாகத்தான் கொண்டுபோவேன். இந்தத் தடவை கைப்பை மாற்றியதில் பழையது பிளேஸ்டோவிலேயே தங்கிவிட்டது.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு ஆரணியைவிடச் சில வயது கூட இருக்கலாம். மரியாதையாகத்தான் கேட்டாள். எங்கே வசிக்கிறேன், எவ்வளவு காலமாக, எந்த அனுமதியில். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அதைக் காட்டும் முத்திரை எங்கே என்றாள். வீட்டில் என்றேன். லண்டனில் விசாரித்துப் பார்க்கிறேன், அதுவரை அங்கே உட்காருங்கள் என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள்.

கண்ணாடிக்கு அப்பால் அவர்கள் இருவரும் நிற்பது தெரிந்தது. அந்தக் கவுன்டர் பெண் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்து நான் வரி கட்டும் நகரம். அங்கே போக அனுமதி உண்டா என்று யாரோ தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். கோபம் வரவில்லை. மறந்தது நான். பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கினார்கள்.

அப்போது ஆரணி கூட்டத்துக்கு எதிராக வருவது தெரிந்தது. வெளியே போனால் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும், ரயில் போய்விடும் என்று அங்கிருந்தவர் அவளைத் தடுத்திருக்கிறார். பரவாயில்லை என்று வந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கைத்தொலைபேசியில் சிவபாலன் அழைத்தார். "பயப்பிடாதையும். பிள்ளை உம்மோட இருக்கிறாள்தானே. நான் இஞ்சதான் நிக்கிறன்."

எங்கள் ரயில் போய்விட்டது. என் மனத்தை வேறு பக்கம் திருப்பத்தானோ என்னவோ, ஆரணி அன்ரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

"அவவும் ட்வென்டி இயர்ஸ் வெளிநாட்டுக்காரியாத்தான் இருந்தவ, அம்மா. பிறகுதான் இங்கிலிஷ் சப்ஜெக்ட் ஆனவ. ஹஸ்பண்டும் மகனும் அவவும், மூண்டு பேரும் ஒண்டா எடுத்தவை."

அதுவரை ஏன் குடியுரிமை எடுக்கவில்லை என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றாள். அவருடைய அப்பா அப்போது இருந்தாரா என்று கேட்டேன். சில வருடங்களுக்கு முன்பே புரூஜில் இறந்துவிட்டார் என்றாள்.

அப்பா இருக்கும்வரை எடுக்க மனம் வரவில்லை. எனக்கு அப்படித்தான் பட்டது. மகளிடம் சொல்லவில்லை. எவிடன்ஸ் இல்லை என்பாள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றை நினைத்துப் பயந்தேன். என் அப்பா தைப்பிங்கில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. நான் எதற்காகக் காத்திருக்கிறேன்?

லண்டனிலிருந்து பதில் வந்தது. அந்தப் பெண் முத்திரை குத்திக் கொடுத்து, இனி இரண்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்றாள். அடுத்த ரயிலில் மூன்று பேரும் ஊர் திரும்பினோம்.

5

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. பிரிட்டிஷ் ஆனால் நீல நிற அடையாள கார்டையும் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எனக்குத் தடையாக இருந்தது அந்த நீலக் கார்டு.

அப்பா குழந்தையாகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர். ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். நான் சுதந்திரத்துக்கு அடுத்த வருடம் அங்கேயே பிறந்ததால் பிறப்பிலேயே குடிமகள். அவரிடம் இருந்தது நிரந்தரவாசிகளுக்கான சிவப்புக் கார்டு. விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். நான் தொடக்கப்பள்ளி முடிக்கும் சமயம், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. எஸ்டேட்டில் பல குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறின. என்னோடு படித்த பார்வதியும் போனாள். ஒருநாள் அப்பாவுக்கு நீலக் கார்டு வந்தது. அன்று மாலை எங்கள் எல்லோரையும் தைப்பிங் டவுனுக்குக் கூட்டிப்போய் துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி வந்த ஒன்றை நான் ஒரு வரிசைக்காகத் திருப்பிக் கொடுப்பதா? சிவபாலன் எப்போதும் என்னை வற்புறுத்தியதில்லை. "என்னை என்ர நாடு துரத்தினது. அதால எனக்கு லேசு. உமக்கு அப்பிடி இல்லை" என்று ஒருமுறை சொன்னதோடு சரி.

புரூஜிலிருந்து வந்த பின் ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவை அழைத்தேன். அவருக்குக் காது மந்தம். தங்கைதான் ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்டேஷனில் நடந்ததைச் சொன்னேன். பிரிட்டிஷ் எடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னேன். காதில் விழவில்லையோ என்று திரும்பச் சொன்னேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார். "அந்த நீலக் கார்டு எனக்கு எதுக்கு வேணும்னு இருந்திச்சு தெரியுமா?"

நாட்டின் மேல் இருந்த பற்றுதானே என்றேன்.

"அதெல்லாம் பொறவு வந்தது. நீ இந்த நாட்டுப் புள்ள, நான் இல்ல. என்னைக் கப்பல் ஏத்திட்டா நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆயிடுவோமேன்னு பயம். அதுக்காகத்தான் அந்த ஆபீஸுல அவ்வளவு நாள் போயி நின்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு ஸ்டேஷன்ல உன் மக உன்கிட்ட திரும்பி வந்திச்சுல்ல? அடுத்த தடவ அதை வர வைக்காத. நீயே அது நிக்கிற பக்கம் போயிடு."

பிறகு அங்கே மழை பெய்கிறது என்றார், தங்கை மீன் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டாள் என்று குறை சொன்னார். நான் சமையலறையில் நின்று அழுதுகொண்டே பதில் சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்காது.

6

விண்ணப்பத்தோடு ஒரு பரீட்சையும் எழுத வேண்டியிருந்தது, இந்த நாட்டு வாழ்க்கையைப் பற்றி. இருபத்தெட்டு வருடம் வாழ்ந்தது போதாதென்று இரவல் புத்தகம் வாங்கிப் படித்தேன். ஆரணி கேள்வி கேட்பாள், தப்பாகச் சொன்னால் சிவபாலன் சந்தோஷப்படுவார். தேறிவிட்டேன்.

அடுத்த வருடம் கவுன்சில் மண்டபத்தில் சத்தியப்பிரமாணம். கெண்டிலிருந்து ஆரணி வந்திருந்தாள். என் பெயரை வாசித்த அதிகாரி முதல் பாதியைச் சரியாகச் சொல்லி, இரண்டாம் பாதியில் தடுக்கி விழுந்தார். மன்னிப்புக் கேட்டார். எங்கள் வரிசையில் இருந்த எல்லோர் பெயரிலும் அவர் ஒரு தடவையாவது விழுந்தார். பக்கத்தில் நின்ற காங்கோ நாட்டு மனிதர் சத்தியம் செய்யும்போது குரல் உடைந்து நிறுத்திவிட்டார். அவர் மனைவி அங்கிருந்தே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஆரணி எங்களை ஸ்டெப்னிக்குக் கூட்டிப்போனாள். அன்ரி வீடு கட்டிய இடம் எது என்று சரியாகத் தெரியாது. எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதும் தெரியாது. நாங்கள் போய் நின்ற தெருவில் கவுன்சில் குடியிருப்புகள், பால்கனிகளில் உலரும் துணிகள், பந்து விளையாடும் வங்காளிப் பிள்ளைகள். பார்க்க ஒன்றுமே இல்லை. அரசிகளின் முகத்தை அவ்வளவு அருகில் உட்கார்ந்து பார்த்தவர். அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல நமக்கு ஒரு படம்கூட இல்லை. ஆனால் இந்தக் காற்றில்தான் எங்கேயோ ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, மகனைச் சத்தம் போடாதே என்று அதட்டிவிட்டு, மூச்சை அடக்கி வரைந்திருப்பார்.

"மகனோட எந்தப் பாசையில கதைச்சிருப்பா?" என்று சிவபாலன் கேட்டார்.

ஆரணி கொஞ்சம் யோசித்தாள். இதற்கும் எவிடன்ஸ் இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டிலயும் கலந்துதான் கதைச்சிருப்பா, அப்பா" என்றாள்.

7

இரண்டு வாரம் கழித்து எங்கள் தூதரகத்துக்குத் தனியாகப் போனேன். சிவபாலன் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

கவுன்டரில் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண். மலாயில் பேசினாள். எனக்குத் துருப்பிடித்திருந்தது. இரண்டாவது வாக்கியத்திலேயே மலாய்ச் சொல் கிடைக்காமல் ஓர் ஆங்கிலச் சொல்லையும் ஒரு தமிழ்ச் சொல்லையும் போட்டேன். அவள் கண்டுகொள்ளவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை விரலால் காட்டினாள். அடையாள கார்டை வாங்கி, அதிலிருந்த என் பழைய படத்தையும் என்னையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தாள். பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டாள். இரண்டும் கவுன்டரின் அந்தப் பக்கம் போய்விட்டன.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கீழே குனிந்து டிஷ்யூ பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். அது அங்கேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருக்கிறாள்.

பிறகு, "பிலா பாலிக், காக்?" என்று கேட்டாள்.

எப்போது ஊருக்கு வருகிறீர்கள், அக்கா என்று அர்த்தம். மலாயில் பாலிக் என்றால் திரும்பி வருவது, வீட்டுக்குப் போவது. விருந்தாளியாகப் போவதற்கு வேறு சொல் உண்டு. அவள் அதைச் சொல்லவில்லை.

நோன்புப் பெருநாள் சமயத்தில் அப்பாவைப் பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

அப்படியென்றால் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள் என்றாள். அந்த நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், தாமதித்தால் இடம் கிடைக்காது.

அன்று மாலையே எடுத்துவிட்டேன்.